கொழுப்பு அமிலச் சிதைவு

கொழுப்பு அமிலச் சிதைவு என்பது உடலில் சேமிக்கப்பட்ட கொழுப்பிலிருந்தும் உணவிலிருந்தும் கிடைக்கும் கொழுப்பு அமிலங்கள், நொதிகளின் உதவியால் இரண்டிரண்டு கார்பன் அணுக்களாக வெட்டப்பட்டு ஆற்றலாக மாற்றப்படும் வேதிவினைத் தொடர் ஆகும். இதன் முதன்மையான வழிமுறை பீட்டா ஆக்சிஜனேற்றம் எனப்படுகிறது. இது பெரும்பாலும் செல்லின் மைட்டோகாண்டிரியாவுக்குள் (இழைமணி) நடைபெறுகிறது. இதயத் தசை, எலும்புத் தசை, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவை கொழுப்பு அமிலங்களை மிகுதியாக எரிக்கின்றன. மூளை அவற்றைக் குறிப்பிடத்தக்க அளவில் எரிபொருளாகப் பயன்படுத்துவதில்லை. மைட்டோகாண்டிரியாவே இல்லாத இரத்தச் சிவப்பணுக்களால் அவற்றைப் பயன்படுத்தவே இயலாது.

உடல் முழுவதையும் வைத்துப் பார்த்தால், சாப்பிட்டுச் சில மணி நேரம் வரை இந்த வழிமுறை பெரிதும் அடங்கியே இருக்கும். வயிறு காலியான பின்னரே அதன் வேலை மும்முரமாகிறது. எனவே இதில் பிறவிக் குறைபாடு உள்ள ஒரு குழந்தை, நன்றாகச் சாப்பிட்டு விளையாடும் நாட்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே காணப்படும். காய்ச்சலாலோ வாந்தியாலோ இரண்டு வேளை உணவு தவறினால், மறுநாள் விடியற்காலையில் அதே குழந்தை வலிப்புடனும் நினைவிழப்புடனும் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படலாம். கொழுப்பு அமிலச் சிதைவுடன் தொடர்புடைய நோய்கள் பலவற்றைப் புரிந்துகொள்ள வெறும் வயிற்றில் உடல் எப்படி இயங்குகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

கண்டறியப்பட்ட வரலாறு

கொழுப்பு அமிலங்கள் இரண்டிரண்டு கார்பன்களாகவே வெட்டப்படுகின்றன என்பதை 1904ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஃபிரான்ஸ் நூப் எளிய சோதனை ஒன்றால் காட்டினார். அன்று கதிரியக்கத் தடங்காட்டிகள் கிடையாது. கொழுப்பு அமிலம் உடலுக்குள் சென்றபின் அதை எப்படிப் பின்தொடர்வது? பென்சீன் வளையத்தை விலங்குகளின் உடல் எளிதில் உடைப்பதில்லை என்பது தெரிந்திருந்தது. கொழுப்பு அமிலச் சங்கிலியின் ஒரு முனையில் அந்த வளையத்தை இணைத்து, நாய்களுக்கு உணவாகக் கொடுத்து, சிறுநீரில் வெளிவந்த பொருளை அவர் ஆராய்ந்தார்.

நூலின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு, மறுமுனையிலிருந்து நூலை வெட்டிக்கொண்டே வருவதைப் போன்றது இது. சங்கிலியில் இரட்டைப்படை எண்ணிக்கையில் கார்பன்கள் இருந்தபோது, முடிச்சுடன் இரண்டு கார்பன்கள் எஞ்சிய ஃபீனைல் அசிட்டிக் அமிலத்தின் சேர்மம் வெளிவந்தது. ஒற்றைப்படையாக இருந்தபோது, ஒரு கார்பன் மட்டும் எஞ்சிய பென்சோயிக் அமிலத்தின் சேர்மம் வெளிவந்தது. ஒவ்வொரு கார்பனாக வெட்டப்பட்டிருந்தால் இரண்டு வகையிலும் ஒரே பொருள்தான் கிடைத்திருக்கும். ஆகவே வெட்டு இரண்டிரண்டாக நடக்கிறது என்றும், அமில முனையிலிருந்து எண்ணும்போது வரும் பீட்டா கார்பனில்தான் ஆக்சிஜனேற்றம் நிகழ்கிறது என்றும் நூப் முடிவு செய்தார். பீட்டா ஆக்சிஜனேற்றம் என்ற பெயர் இதிலிருந்து வந்தது. நொதிகளின் பெயர்கள்கூடத் தெரியாத காலத்தில் சொல்லப்பட்ட இந்த முடிவு இன்றுவரை மாறவில்லை.

இந்த வினைகள் மைட்டோகாண்டிரியாவுக்குள் நடைபெறுகின்றன என்பதை யூஜின் கென்னடியும் ஆல்பர்ட் லெனிங்கரும் எலியின் கல்லீரலைக் கொண்டு 1949இல் உறுதிப்படுத்தினர். லெனிங்கர் பின்னர் எழுதிய உயிர்வேதியியல் பாடநூல் இந்தியக் கல்லூரிகளிலும் நன்கு அறியப்பட்டது. வெட்டப்படும் இரண்டு கார்பன் துண்டு அசிட்டைல் துணைநொதி ஏ என்பதை 1951இல் ஃபியோடர் லைனன் அடையாளம் கண்டார். கொழுப்பு அமிலங்கள், கொலஸ்டிரால் ஆகியவற்றின் வளர்சிதை மாற்றம் குறித்த ஆய்வுகளுக்காக 1964இல் அவருக்கும் கான்ராட் பிளாக்குக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

சேமிப்பிலிருந்து செல்லுக்கு

உடலின் கொழுப்பு, மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசரால் மூலக்கூறுடன் இணைந்த டிரைகிளிசரைடு வடிவில் கொழுப்புத் திசுவில் சேமிக்கப்படுகிறது. ஒரு கிராம் கொழுப்பு எரியும்போது ஏறத்தாழ 9 கிலோ கலோரி ஆற்றல் கிடைக்கிறது. மாவுச்சத்திலும் புரதத்திலும் இது சுமார் 4 மட்டுமே. மேலும் கிளைக்கோஜன் தன் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு நீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கொழுப்பு நீரின்றிச் சேமிக்கப்படுகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கும் வலசைப் பறவைகள் புறப்படும் முன் கொழுப்பைச் சேர்த்துக்கொள்வதன் காரணம் இந்த எடைக் கணக்குதான்.

உணவு உண்டபின் இரத்தத்தில் இன்சுலின் உயர்கிறது. இன்சுலின் இருக்கும்வரை கொழுப்புத் திசுவின் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கும். நேரம் செல்லச் செல்ல இன்சுலின் குறைந்து, குளுக்ககானும் அட்ரினலினும் கை ஓங்குகின்றன. அப்போது லிப்பேஸ் நொதிகள் டிரைகிளிசரைடைப் பிரித்து, கொழுப்பு அமிலங்களை இரத்தத்தில் விடுகின்றன. நீரில் கரையாத இவற்றை அல்புமின் என்னும் இரத்தப் புரதம் சுமந்து செல்கிறது. பிரிந்த கிளிசரால் கல்லீரலை அடைந்து குளுக்கோஸ் தயாரிக்கப் பயன்படுகிறது.

கார்னிட்டைன் என்னும் வாயில்

செல்லுக்குள் நுழைந்த கொழுப்பு அமிலம் முதலில் துணைநொதி ஏ உடன் இணைக்கப்படுகிறது. இதற்கு ஏடிபி மூலக்கூறு ஒன்றின் உயர் ஆற்றல் பிணைப்புகள் இரண்டு செலவாகின்றன. இவ்வாறு தயாரான நீண்ட சங்கிலி அமிலம் மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வைத் தானாகக் கடக்க இயலாது. அதைக் கார்னிட்டைன் என்னும் சிறு மூலக்கூறு சுமந்துசென்று உள்ளே இறக்கிவிட்டு, மீண்டும் வெளியே வந்து அடுத்த சுமையை எடுத்துக்கொள்கிறது. ஆற்றைக் கடக்க உதவும் பரிசல்போல எனலாம். ஏற்றிவிடும் நொதிக்கு சிபிடி 1 என்றும், இறக்கிவிடும் நொதிக்கு சிபிடி 2 என்றும் பெயர். ஏறத்தாழ 12 கார்பன்களுக்கும் குறைவான நடுத்தரச் சங்கிலி அமிலங்களுக்குப் பரிசல் பெரும்பாலும் தேவையில்லை. அவை நேரடியாகவே உள்ளே சென்றுவிடும். இந்த வேறுபாடு பின்னர் சிகிச்சையில் பெரும் பங்கு வகிக்கிறது.

சோறு உண்டபின் கல்லீரல் மிகுதியான குளுக்கோஸைக் கொழுப்பாக மாற்றத் தொடங்கும். அப்போது உருவாகும் மலோனைல் துணைநொதி ஏ, சிபிடி 1 நொதியைத் தடுத்துவிடும். கொழுப்பைக் கட்டுவதும் உடைப்பதும் ஒரே நேரத்தில் நடந்து ஆற்றல் வீணாகாமல் இருக்க உடல் செய்துகொண்ட ஏற்பாடு இது.

கார்னிட்டைன் முதலில் இறைச்சிச் சாற்றிலிருந்து பிரிக்கப்பட்டதால், இறைச்சியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பெயர் பெற்றது. அதனால் சைவ உணவு உண்போருக்கு அது கிடைக்காது என்று எண்ண வேண்டியதில்லை. நலமான உடல் லைசின், மெத்தியோனின் என்னும் அமினோ அமிலங்களிலிருந்து அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. உடற்பயிற்சிக் கூடங்களில் கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கப்படும் எல்-கார்னிட்டைன், பரிசல்கள் போதிய அளவில் உள்ள ஆற்றில் மேலும் சில பரிசல்களை விடுவதற்கு ஒப்பாகும். ஆனால் கார்னிட்டைனைச் செல்லுக்குள் கொண்டுசெல்ல முடியாத பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அதே மருந்து உயிர்காக்கும். இதயத் தசை தளர்ந்த குழந்தைகள்கூட அதனால் தேறுவதுண்டு.

நான்கு படிகள்

உள்ளே வந்த கொழுப்பு அமிலச் சங்கிலி நான்கு வினைகளுக்கு உட்படுகிறது. முதலில் ஆல்ஃபா, பீட்டா கார்பன்களிலிருந்து இரண்டு ஹைட்ரஜன்கள் நீக்கப்படுகின்றன. அவற்றை எஃப்ஏடி ஏற்றுக்கொள்கிறது. பின்னர் ஒரு நீர் மூலக்கூறு சேர்க்கப்படுகிறது. மூன்றாவதாக மீண்டும் ஹைட்ரஜன் நீக்கம். இம்முறை ஏற்பது என்ஏடி. இறுதியில் தயோலேஸ் நொதி சங்கிலியை வெட்டி, ஓர் அசிட்டைல் துணைநொதி ஏ மூலக்கூறை விடுவிக்கிறது. இரண்டு கார்பன் குறைந்த சங்கிலி மீண்டும் முதல் படிக்குச் செல்கிறது.

முதல் படியைச் செய்யும் நொதி ஒன்றல்ல, பல என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மிக நீண்ட சங்கிலிக்கு ஒன்று, நடுத்தரச் சங்கிலிக்கு ஒன்று, குறுஞ்சங்கிலிக்கு ஒன்று என இவை சங்கிலியின் நீளத்துக்கேற்பப் பிரிந்துள்ளன. பதினாறு கார்பன் கொண்ட அமிலம் சுருங்கச் சுருங்க ஒரு நொதியின் கையிலிருந்து அடுத்த நொதியின் கைக்கு மாறுகிறது. இவற்றுள் ஒன்று பழுதானாலும் அந்த நீளத்தில் வேலை நின்றுவிடும்.

பாமிட்டிக் அமிலம் 16 கார்பன்களைக் கொண்டது. அது முழுதும் சிதைய 7 சுற்றுகள் தேவை. கிடைப்பவை 8 அசிட்டைல் துணைநொதி ஏ மூலக்கூறுகள். எட்டுத் துண்டுகளுக்கு ஏழு வெட்டுகள் போதும் என்பதை மறந்து 8 சுற்றுகள் என எழுதுவது தேர்வுகளில் அடிக்கடி காணும் பிழை. இவை சிட்ரிக் அமிலச் சுழற்சியில் எரிந்து முடியும்போது நிகரமாகக் கிடைக்கும் ஏடிபி மூலக்கூறுகள் 129 என்று பழைய நூல்களும், 106 என்று புதிய நூல்களும் கூறும். என்ஏடிஎச் ஒன்றுக்கு 3, எஃப்ஏடிஎச்2 ஒன்றுக்கு 2 என்ற பழைய மதிப்புகள் இப்போது முறையே 2.5 என்றும் 1.5 என்றும் திருத்தப்பட்டுள்ளதே காரணம். தேர்வு எழுதுவோர் தம் பாடநூல் எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறது எனப் பார்த்துக்கொள்வது நல்லது.

இரட்டைப் பிணைப்புள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களுக்கு ஓரிரு கூடுதல் நொதிகள் தேவைப்படும். ஒற்றைப்படைச் சங்கிலிகள் இறுதியில் மூன்று கார்பன் துண்டை விட்டுச்செல்லும். அதைச் சிட்ரிக் அமிலச் சுழற்சிக்குள் சேர்க்க வைட்டமின் பி12 வேண்டும்.

பட்டினியும் கீட்டோன்களும்

கொழுப்பு அமிலங்களை மூளை எரிப்பதில்லை என்றால், பல நாள் பட்டினி கிடக்கும் மனிதன் எப்படி உயிர்வாழ்கிறான்? கல்லீரலில் உள்ள கிளைக்கோஜன் ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும்; சிறு குழந்தைகளிடம் அதற்கும் வெகு முன்பே. அதன்பின் தசைப் புரதத்தைக் கரைத்தே குளுக்கோஸ் தயாரித்துக்கொண்டிருந்தால் தசைகள் விரைவில் அழிந்துவிடும்.

கல்லீரல் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. கொழுப்பு அமிலங்களை வெட்டிக் கிடைக்கும் அசிட்டைல் துணைநொதி ஏ மூலக்கூறுகளை ஒன்றிணைத்து அசிட்டோஅசிட்டேட், பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் என்னும் கீட்டோன் பொருள்களைத் தயாரித்து இரத்தத்தில் விடுகிறது. இவை நீரில் கரைபவை. மூளைக்குள் எளிதாக நுழைபவை. ஜார்ஜ் கேஹிலும் உடன் பணியாற்றியோரும் 1967இல் வெளியிட்ட ஆய்வில், பல வாரங்கள் மருத்துவக் கண்காணிப்பில் உண்ணாதிருந்தோரின் மூளை தன் எரிபொருளில் பெரும்பகுதியைக் கீட்டோன்களிலிருந்தே பெற்றதைக் காட்டினர். மூளைக்குக் குளுக்கோஸ் ஒன்றே உணவு என்று அதுவரை நிலவிய கருத்து அத்துடன் மாறியது.

இங்கு இன்னொரு நுட்பமும் உண்டு. மனித உடலில் இரட்டைப்படைச் சங்கிலிக் கொழுப்பு அமிலத்திலிருந்து நிகரமாகக் குளுக்கோஸ் தயாரிக்க இயலாது. ஆயினும் மற்றப் பொருள்களிலிருந்து குளுக்கோஸ் தயாரிக்கக் கல்லீரலுக்கு வேண்டிய ஏடிபியைக் கொழுப்பு அமிலச் சிதைவே தருகிறது. அதற்கான முதல் நொதியைத் தூண்டிவிடுவதும் அதில் விளையும் அசிட்டைல் துணைநொதி ஏதான். ஆகவே கொழுப்பு அமிலச் சிதைவு நின்றால் கீட்டோனும் கிடைக்காது, குளுக்கோஸும் கிடைக்காது. மூளை இரண்டு வழியிலும் கைவிடப்படுகிறது.

நீரிழிவில் மிகைச் சிதைவு

இதற்கு நேர் எதிரான நிலை, முதல் வகை நீரிழிவில் காணப்படுகிறது. இரத்தத்தில் குளுக்கோஸ் நிரம்பியிருந்தும் இன்சுலின் இல்லாததால் உடல் தன்னைப் பட்டினியில் இருப்பதாகவே கருதிக்கொள்கிறது. கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் கட்டுப்பாடின்றி வெளியேறி, கல்லீரலில் கீட்டோன்கள் பெருகி, இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. இதுவே நீரிழிவுக் கீட்டோன் அமிலத்தேக்கம். ஆழ்ந்த வேகமான மூச்சு, வாந்தி, வயிற்று வலி, மூச்சில் அழுகிய பழம் போன்ற அசிட்டோன் மணம் ஆகியவை இதன் அறிகுறிகள். நீரிழிவு இருப்பதே தெரியாத சிறுவர்களிடம் இதுவே முதல் அறிகுறியாக வருவதும் உண்டு. வயிற்றுக் கோளாறு எனக் கருதிக் காலம் தாழ்த்தினால் உயிருக்கு ஆபத்து. ஆரோக்கியமான ஒருவர் ஒரு நாள் நோன்பு இருக்கும்போது உண்டாகும் கீட்டோன்கள் இந்த அளவை எட்டுவதில்லை. சிறிதளவு இன்சுலின் சுரந்துகொண்டே இருந்து கதவைக் கட்டுப்படுத்துகிறது.

பிறவிக் குறைபாடுகள்

இவற்றுள் நன்கு ஆராயப்பட்டது நடுத்தரச் சங்கிலி நொதிக் குறைபாடு. எம்கேட் குறைபாடு என்று மருத்துவர்கள் சுருக்கமாகக் கூறுவர். 1980களின் தொடக்கத்தில் இது தனி நோயாக அடையாளம் காணப்பட்டது. வட ஐரோப்பிய வழியினரிடையே அதிகம். அங்கு ஏறத்தாழ 10,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று. முதல் குரோமோசோமில் உள்ள மரபணுவின் பழுதுபட்ட படிகளைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெறும் குழந்தைக்கே நோய் வரும். பெற்றோருக்கு எந்த அறிகுறியும் இராது. இத்தகைய ஒடுங்கு மரபு நோய்கள் எவையாயினும், தாய்மாமன், அத்தை மகன் போன்ற நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் அவை வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது.

இந்நோய் உள்ள குழந்தை முதல் சில மாதங்கள் இரவிலும் அடிக்கடிப் பால் குடிப்பதால் தப்பித்துக்கொள்கிறது. பால் வேளைகள் குறையும் பருவத்தில், ஏதேனும் ஒரு சாதாரணக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வரும்போது நிலைமை மாறுகிறது. சங்கிலிகள் பத்து, எட்டுக் கார்பன் அளவில் வந்து தேங்கி நிற்கின்றன. சோர்வு, வாந்தி, வலிப்பு, நினைவிழப்பு, வீங்கிய கல்லீரல் எனத் தொடர்ந்து, சில மணி நேரத்தில் உயிரிழப்புவரை செல்லலாம். பச்சிளங்குழந்தைப் பரிசோதனை வருவதற்கு முன், முதல் தாக்குதலிலேயே நோயுற்ற குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை இறந்தன. ரேய் நோய்க்குறி என்றோ, தூக்கத்தில் நேர்ந்த காரணமறியா மரணம் என்றோ அவற்றுட் பல பதிவு செய்யப்பட்டன. முதல் குழந்தையைக் காரணம் தெரியாமல் இழந்த பெற்றோருக்கு, இரண்டாவது குழந்தைக்கும் அதே நோய் என்று தெரியவந்தபோதுதான் முதல் மரணத்தின் காரணமும் புரிந்தது.

மருத்துவருக்குக் கிடைக்கும் முக்கியத் துப்பு ஒன்று உண்டு. பட்டினியால் சர்க்கரை குறைந்த குழந்தையின் சிறுநீரில் கீட்டோன் மிகுந்திருக்க வேண்டும். சர்க்கரையும் குறைவு, கீட்டோனும் குறைவு என்றால் கொழுப்பு அமிலச் சிதைவில் பழுது இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். தேங்கிய எட்டுக் கார்பன் துண்டு கார்னிட்டைனுடன் இணைந்து ஆக்டனாயில் கார்னிட்டைனாக இரத்தத்தில் உயர்ந்திருக்கும். பிறந்த சில நாட்களில் குதிகாலில் குத்தி எடுத்து வடிதாளில் உலர்த்திய ஒரு துளி இரத்தத்தில் இதை இரட்டை நிறைநிறமாலை மானியால் கண்டறியலாம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பிறக்கும் குழந்தைகளுக்கு இப்பரிசோதனை வழக்கமாகச் செய்யப்படுகிறது. இந்தியாவில் அது எல்லாப் பிறப்புகளுக்கும் கட்டாயமாக்கப்படவில்லை.

இதற்கான சிகிச்சை வியக்கத்தக்க அளவு எளிது. குழந்தையைப் பட்டினி போடக் கூடாது, அவ்வளவுதான். ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை 8 மணி நேரம், இரண்டாம் வயதில் 10 மணி நேரம், அதற்குமேல் 12 மணி நேரம் என்பவை நலமாக உள்ள நாட்களுக்குப் பொதுவாகக் கூறப்படும் எல்லைகள். காய்ச்சல் நாட்களில் இந்தக் கணக்குச் செல்லாது. அப்போது சர்க்கரைக் கரைசலை அடிக்கடி கொடுக்க வேண்டும், அது வயிற்றில் தங்காவிட்டால் உடனே நரம்பு வழியே குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். இரத்தச் சர்க்கரை குறையும்வரை காத்திருக்கக் கூடாது என்றும் பெற்றோருக்கு அறிவுறுத்தப்படுகிறது, ஏனெனில் சோர்வும் வாந்தியும் சர்க்கரை குறைவதற்கு முன்பே தொடங்கிவிடும். இந்த முறையில் வளரும் குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வாழ்கிறார்கள்.

நீண்ட சங்கிலி நொதிகளிலோ கார்னிட்டைன் வாயிலிலோ பழுது உள்ளவர்களின் நிலை இதைவிடக் கடினம். இதயமும் தசைகளும் பாதிக்கப்படும். சிபிடி 2 குறைபாட்டின் மிதமான வகை, வளர்ந்தவர்களிடம் நீண்ட உடலுழைப்புக்குப் பின் தசைவலியாகவும் கருஞ்சிவப்புச் சிறுநீராகவும் வெளிப்படும். கருவில் உள்ள குழந்தைக்கு நீண்ட சங்கிலிக் குறைபாடுகளுள் ஒன்று இருக்கும்போது, தாய்க்குக் கடைசி மாதங்களில் தீவிரக் கல்லீரல் கொழுப்பேற்றம் ஏற்படலாம் என்பதும் தெரியவந்துள்ளது.

தேங்காய் எண்ணெயிலிருந்தும் பனைக்கொட்டை எண்ணெயிலிருந்தும் பிரித்தெடுக்கப்படும் எம்சிடி எண்ணெய் எட்டு, பத்துக் கார்பன் அமிலங்களைக் கொண்டது. நீண்ட சங்கிலிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு இது மருந்து. பழுதான படிகளைச் சுற்றிக்கொண்டு, பரிசலின் உதவியும் இன்றி நேரே உள்ளே செல்லும். எம்கேட் குறைபாடு உள்ள குழந்தைக்கோ இதே எண்ணெய் விலக்கப்பட்ட பொருள், ஏனெனில் பழுது இருப்பதே அந்த நீளத்தில்தான். கொழுப்பு அமிலச் சிதைவு நோய் என்று பொதுவாகத் தெரிந்தால் மட்டும் போதாது. எந்தப் படியில் பழுது என்று தெரிய வேண்டும்.

பெராக்சிசோமில் நடைபெறும் சிதைவு

22 கார்பன்களுக்கு மேற்பட்ட மிக நீண்ட சங்கிலிகள் முதலில் பெராக்சிசோம் என்னும் நுண்ணுறுப்பில் குறுக்கப்படுகின்றன. அவற்றை அங்கே கொண்டுசேர்க்கும் புரதம் பழுதானால் அட்ரினோலியூக்கோடிஸ்டிரோஃபி என்னும் நோய் உண்டாகி, பெரும்பாலும் சிறுவர்களின் மூளை நரம்புறையைச் சிதைக்கும். இந்நோயுற்ற தம் மகன் லொரென்சோவுக்காக, மருத்துவப் பயிற்சி ஏதுமில்லாத அகஸ்டோ, மிக்கேலா ஓடோன் தம்பதியர் நூலகங்களில் தேடிப் படித்து ஒரு எண்ணெய்க் கலவையை உருவாக்கச் செய்தனர். 1992இல் வெளிவந்த 'லொரென்சோஸ் ஆயில்' திரைப்படம் இதைக் கூறுகிறது. எண்ணெய் இரத்தத்தில் மிக நீண்ட சங்கிலி அமிலங்களின் அளவைக் குறைத்தது உண்மை; ஆனால் அறிகுறிகள் தொடங்கிவிட்ட சிறுவர்களிடம் நோயை அது நிறுத்தவில்லை. திரைப்படம் தரும் நம்பிக்கையைவிட உண்மை சற்றுக் கடுமையானது.

பழங்களில் உள்ள நச்சு

மரபணுவில் குறை இல்லாத குழந்தையிடமும் இதே நிலையை வெளியிலிருந்து வரும் ஒரு நச்சு உண்டாக்க முடியும். ஜமைக்காவின் தேசியப் பழமான அக்கி, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சென்றது. முற்றிப் பழுத்துத் தானாக வெடித்துத் திறந்தபின் உண்டால் தீங்கில்லை. பழுக்காத பழத்தை உண்டவர்கள் கடும் வாந்திக்கும் வலிப்புக்கும் உள்ளாகி இறந்தனர். ஜமைக்கா வாந்தி நோய் என்று இது பெயர் பெற்றது. 1950களில் அப்பழத்திலிருந்து ஹைபோகிளைசின் என்னும் அமினோ அமிலம் பிரிக்கப்பட்டது. இரத்தக் குளுக்கோஸைக் குறைப்பதால் அந்தப் பெயர். உடலில் இது மாற்றமடைந்து, பீட்டா ஆக்சிஜனேற்றத்தின் முதல் படி நொதிகளைச் செயலிழக்கச் செய்கிறது.

அக்கியும் லிச்சியும் பூந்திக்கொட்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பீகார் மாநிலத்தின் முசாஃபர்பூர் மாவட்டம் இந்தியாவில் லிச்சி விளைச்சலுக்குப் பெயர் பெற்றது. அங்கே 1995 முதல், பழம் அறுவடையாகும் மே, ஜூன் மாதங்களில் சிறு குழந்தைகள் விடியற்காலையில் திடீரென வலிப்பும் நினைவிழப்பும் கண்டு இறப்பது தொடர்ந்தது. சம்கி காய்ச்சல் என மக்கள் அழைத்தனர். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ் என்றும், வெயிலின் கொடுமை என்றும், பூச்சிமருந்து என்றும் பலவாறு கருதப்பட்டது. மழை தொடங்கியதும் நோய் அடங்கிவிடும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி ஓய்வு பெற்ற வைரஸ் ஆய்வாளர் டி. ஜேக்கப் ஜான், இது மூளையில் ஏற்படும் அழற்சியே அல்ல, வளர்சிதை மாற்றக் கோளாறு என்று கருதினார். வைரஸ் ஆய்விலேயே வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர், இது வைரஸ் அல்ல என்று சொன்னது கவனிக்கத்தக்கது. ஜமைக்காவின் அக்கியோடு ஒப்பிட்டு, லிச்சியில் உள்ள ஹைபோகிளைசினை ஒத்த நச்சின் மீது அவரும் முகுல் தாசும் 2014இல் ஐயத்தை முன்வைத்தனர்.

அதே ஆண்டு இந்தியாவின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் இணைந்து ஆய்வு செய்தன. 2014 மே 26 முதல் ஜூலை 17 வரை முசாஃபர்பூரின் இரண்டு மருத்துவமனைகளில் இந்நோயுடன் சேர்க்கப்பட்ட 390 பேரில் 122 பேர் இறந்தனர். நோயுற்ற குழந்தைகளின் சிறுநீரில் ஹைபோகிளைசினின் சிதைபொருள்களும் லிச்சியில் உள்ள அதன் இனச் சேர்மத்தின் சிதைபொருள்களும் காணப்பட்டன. ஒப்பீட்டுக்காக எடுக்கப்பட்ட மற்றக் குழந்தைகளிடம் அவை இல்லை. பெரும்பாலோரின் இரத்தத்தில் கார்னிட்டைன் சேர்மங்களின் அளவு மாறியிருந்தது. கொழுப்பு அமிலச் சிதைவு தடைபட்டதற்கு அது நேரடிச் சான்று. 2017இல் லேன்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான இந்த ஆய்வு மற்றொன்றையும் காட்டியது. லிச்சி உண்டதோடு, முந்தைய நாள் இரவு உணவு உண்ணாமல் இருந்த குழந்தைகளிடம் ஆபத்து மேலும் கூடியது.

பகல் முழுதும் தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைத் தின்று வயிறு நிரம்பிய ஏழைக் குழந்தை, மாலையில் சோறு வேண்டாம் என்று உறங்கிவிடுகிறது. ஊட்டக்குறைவால் அதன் கல்லீரலில் கிளைக்கோஜன் இருப்பு முன்பே குறைவு. நள்ளிரவுக்குப் பின் அது தீர, உடல் கொழுப்பை நாடுகிறது; அந்த வழியைப் பழத்தின் நச்சு அடைத்து வைத்திருக்கிறது. அதே தோட்டத்துப் பழத்தைத் தின்று, இரவு ரொட்டியும் சாப்பிட்டு உறங்கிய பிள்ளை பெரும்பாலும் காலையில் எழுந்து விளையாடப் போய்விடுகிறது. முசாஃபர்பூரின் லிச்சியை உண்ணும் நகரவாசிகளுக்கு ஏன் எதுவும் நேர்வதில்லை என்ற கேள்விக்கும் இதுவே விடை. பழத்தின் மேல் மட்டும் பழியைப் போடுவது விவசாயிகளுக்கு நியாயமாகாது. பசியும் அதே அளவுக்குக் காரணம்.

ஆய்வுக் குழு இரண்டு பரிந்துரைகளை முன்வைத்தது: குழந்தைகள் லிச்சி உண்பதைக் குறைத்து இரவு உணவைத் தவறாமல் கொடுக்க வேண்டும், வலிப்புடன் வரும் குழந்தைக்கு உடனே இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்தது. 2019 கோடையில் நோய் மீண்டும் பெருகி, 100க்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர்.

நரம்பு வழியே செலுத்தப்படும் குளுக்கோஸ் இங்கு இரண்டு வேலைகளைச் செய்கிறது. மூளைக்கு உடனடி எரிபொருளைத் தருகிறது. அதோடு இன்சுலினைத் தூண்டி, கொழுப்புத் திசுவிலிருந்து மேலும் கொழுப்பு அமிலங்கள் வெளியேறுவதை நிறுத்துகிறது. அடைபட்ட பாதையில் சுமை சேர்வது நிற்கிறது. சேர்ந்த நச்சுப் பொருள்கள் சிறுநீரில் வெளியேற அவகாசம் கிடைக்கிறது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கும் கருவியும், பத்து விழுக்காடு குளுக்கோஸ் பாட்டிலும் ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே இருக்க வேண்டியவை. வலிப்பு தொடங்கியபின் மாவட்டத் தலைநகருக்குக் கொண்டுசெல்லும் இரண்டு மூன்று மணி நேரத்தில் மூளைக்கு நேரும் சேதத்தைப் பின்னர் ஏற்றும் எந்தக் குளுக்கோஸாலும் முழுமையாகச் சரிசெய்ய இயலாது.